வெளிமாநிலத்தில் சீட் கிடைத்துவிட்டது, பணத்துக்கு என்ன வழி? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கேள்விகள் எல்லாமே குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. எல்லாக் கடிதத்திலும் விஷயம் ஒன்றுதான்: பிள்ளை வேறு மாநிலத்து அரசுக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போக வேண்டும், கையில் பணம் இல்லை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறார், நான் முந்திரி ஆலைக்குப் போகிறேன். மகள் பிளஸ் டூ முடித்து, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வு எழுதி, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட எம்.எஸ்சி. படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, போக வர எல்லாம் சேர்த்து வருடம் 70,000 வரை ஆகும் என்று எங்கள் கணக்கு. வீட்டோடு சேர்ந்து எட்டு சென்ட் இருக்கிறது, அதில் நாலு சென்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். என் அண்ணனோ, எதற்கு வம்பு, பக்கத்தில் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடு என்கிறார். நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. வருமானச் சான்றிதழில் வருடத்துக்கு 1,44,000 என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
ஒரு தாய், குலசேகரம்

பதில்: அம்மா, நிலத்தை விற்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அட்வான்ஸ் வாங்கிய பிறகு இந்தப் பதிலைப் படித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஐந்து வருடத்துக்கான செலவை இன்றைக்கே கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். உங்களுக்கு இப்போது உடனடியாகத் தேவைப்படுவது முதல் செமஸ்டருக்கான பணம், அப்புறம் ஒரு ரயில் டிக்கெட், ஒரு நல்ல பெட்டி, இரண்டு மாதச் செலவுக்கான ரொக்கம். மிச்சத்துக்கு வழி இருக்கிறது.

உங்கள் அண்ணன் சொல்வதில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. தூரம் என்றாலே செலவு என்று நினைக்கிறார். ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர் மாணவருக்கு ஒரு ஃபீஸ், வெளிமாநில மாணவருக்கு ஒரு ஃபீஸ் என்று கிடையாது, குலசேகரத்துப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகம் இருக்கும் கச்சிபௌலியிலேயே பிறந்த பிள்ளைக்கும் ஒரே சலான்தான். நீங்கள் எழுதியிருக்கும் 70,000ல் பெரும்பகுதி சாப்பாடும் தங்குவதும்தான். தனியார் கல்லூரியில் வருடக் கட்டணம், வேன் காசு, அந்த ஃபண்டு இந்த ஃபண்டு என்று எழுதி ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு அண்ணனிடம் பேசுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். வெளிமாநிலம் போகிற பிள்ளைகள் விஷயத்தில் நான் எல்லோரையும் முதலில் பார்க்கச் சொல்வது, எந்தச் சலுகை எல்லை தாண்டும், எது மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும் என்பதைத்தான். முதல் பட்டதாரி சலுகை நின்றுவிடும், அது தமிழ்நாட்டு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் இங்கேயே நின்றுவிடும். இவற்றை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள்.

எல்லை தாண்டி வருகிற பணத்தில் உங்களுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நம் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. ஐஐடி, ஐஐஎம், என்ஐடி, ஐஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் இவற்றில் படிக்கும் தமிழ்நாட்டு பிற்படுத்தப்பட்ட, மிகப்பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசே வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கல்வி உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் சான்றிதழ் அதற்குள் வருகிறது. 2 லட்சம் வரை என்றால், போகிற எல்லோருக்கும் 2 லட்சம் கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை, உண்மையான செலவைப் பார்த்துக் கொடுப்பார்கள். மகள் சேர்ந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பப் படிவத்தை எடுத்து, பல்கலைக்கழகத்தில் சான்றொப்பம் வாங்கிவிட வேண்டும். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் போய் இந்த உதவித்தொகையைப் பற்றிச் சொல்லிக் கேளுங்கள், கடைசித் தேதி எப்போது என்பதையும் எழுதி வாங்குங்கள். ஆலையில் ஒரு நாள் கூலி போகும்தான், பரவாயில்லை, போய் வாருங்கள்.

இதைப் படிக்கும் ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு வழி வேறு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பிள்ளை எந்த மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தர வேண்டும், அதற்கும் வருமான வரம்பு 2.5 லட்சம். ஹைதராபாத்தில் படிக்கிறதால் தெலங்கானாவில் போய்க் கேள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மகளுக்கு மத்திய அரசின் இன்னொரு உதவித்தொகையும் இருக்கிறது. பிளஸ் டூவில் அந்தந்த போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு, முதல் மூன்று வருடம் வருடத்துக்கு 12,000 ரூபாய், ஐந்து வருடப் படிப்பு என்றால் நாலாவது ஐந்தாவது வருடங்களில் 20,000. நாடு முழுக்க வருடத்துக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள், அதில் பாதி பெண் பிள்ளைகளுக்கு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பணம் ஆதார் இணைத்த மகளுடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வரும், ஆகையால் கணக்கு இல்லை என்றால் ரயில் ஏறுவதற்கு முன் தொடங்கிவிடுங்கள். ஆனால் ஒன்று: வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், கிடைத்ததில் பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றை மறைத்து இன்னொன்றை வாங்கினால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அதுவும் ஐந்து வருடப் படிப்பின் நடுவில் சொல்வார்கள்.

இப்போது சங்கடமான விஷயம். இந்த உதவித்தொகை எதுவும் சேரும் நாளில் கையில் வராது. முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு மாதங்கள் கழித்துத்தான் வரும். அட்மிஷன் நடக்கும் ஜூன், ஜூலையோ நம் ஊரில் சரியான மழைக்காலம், மரத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்புப் போடாத தோட்டங்களில் பால்வெட்டு நின்று கிடக்கும். கடற்கரைக் குடும்பங்களுக்கும் இதே கதைதான், மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். வருமானம் இல்லாத மாதத்தில்தான் பெரிய செலவு வருகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலுக்கு வாரக் கடன் கொடுக்கும் மைக்ரோ பைனான்ஸ்காரர்கள் வருவார்கள், அடுத்த வாரமே தவணை ஆரம்பித்துவிடும். அந்தப் பணத்தில் பிள்ளையைப் படிக்க அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளை முதல் இன்டர்னல் எழுதி முடிப்பதற்குள் வீட்டில் நிம்மதி போய்விடும்.

முதல் செமஸ்டருக்கு மட்டும், இருக்கிற நகையில் ஒன்றைக் கூட்டுறவுச் சங்கத்திலோ தேசிய வங்கியிலோ வைத்துப் பணம் எடுங்கள். ஒரே ஒரு உருப்படி போதும். சீட்டு போட்டிருந்து அந்த மாதம் எடுக்க முடியுமானால் இன்னும் நல்லது, தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நேரம் கல்விக்கடனுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். உதவித்தொகை வரும் என்று சொல்லிவிட்டுக் கடனும் எதற்கு என்று கேட்பீர்கள். ஐந்து வருடத்துக்கும் மொத்தமாகச் சாங்ஷன் ஆனாலும், கடனை செமஸ்டர் செமஸ்டராகத்தான் விடுவிப்பார்கள், எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது. உதவித்தொகை தாமதமாகும் வருடத்தில் எடுத்துக்கொள்ளலாம், வந்த வருடத்தில் தொடாமல் விடலாம்.

கடனாகவே முழுவதையும் வாங்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம், பயம் தெளியும். வருடம் 70,000 வீதம் ஐந்து வருடம், 3.5 லட்சம். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு நீங்கள் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீனும் கேட்கக்கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. கணக்குக்காக வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆறு வருடத்தில் சேரும் வட்டி 1,26,000. ஆக மகள் வேலைக்குப் போகும்போது 4,76,000 நிற்கும், பத்து வருடத்தில் அடைப்பது என்றால் மாதம் 6,000 ரூபாயை ஒட்டி வரும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு உதவித்தொகை வாங்காதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் படிக்கும் காலத்து வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான், அதில் அரசு நிறுவனத்தில் படிக்கிறவர்களுக்கு முன்னுரிமை. அது கிடைத்தால் 1,26,000 என்பது 84,000 ஆகிவிடும்.

இன்னொரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள். முதல் வருடம் எடுத்த 70,000க்கு மாத வட்டி 525 ரூபாய். பால் நன்றாக ஓடும் மாதங்களில் சேர்த்துக் கட்டலாம். இப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன, சாங்ஷன் ஆகும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு காகிதம். உங்களிடம் இருப்பது தமிழ்நாட்டு பி.சி. சாதிச் சான்றிதழ். மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓ.பி.சி. இடஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் அது செல்லாது, மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்ல என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் இந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகம் வழியாக வரும். அட்மிஷன் கைவிட்டுப் போவது பெரும்பாலும் பணத்தால் என்று நினைக்கிறோம், இந்தக் காகிதத்தால் போனவையும் நிறைய.

கேள்வி: அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். எனக்கு டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறது. கல்லூரி ஃபீஸ் கட்டிவிடலாம், ஹாஸ்டல் கிடைக்கவில்லை. வெளியே ரூம் எடுத்தால் எல்லாம் சேர்த்து மாதம் 12,000 வேண்டும் என்கிறார்கள். வங்கியில் கல்விக்கடன் கேட்டால், அப்பாவின் சிபில் (கடனைத் திருப்பிக் கட்டிய பதிவு) சரியில்லை, இந்தக் கிளையில் உங்கள் ஊர் வராது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.
ஒரு மாணவர், குளச்சல்

பதில்: தம்பி, வாய்மொழியாகச் சொன்ன பதிலை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிஎம் வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள், அப்போது தேதியோடு ஒரு பதிவு இருக்கும், வங்கி ஏதாவது ஒரு முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் ஊர் எங்கள் எல்லைக்குள் வராது என்ற காரணத்துக்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ல் சொன்னது. உங்கள் விஷயத்தில் அப்பாவின் பெயரில் பாக்கி இருக்கிறது, அது கொஞ்சம் வேறு. எந்தக் கடன், எவ்வளவு பாக்கி என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். பல சமயம் அது யாருக்கோ ஜாமீன் போட்டதாக இருக்கும், அல்லது தவணையில் எடுத்த பைக்கோ போனோ கடைசி இரண்டு தவணையில் நின்றதாக இருக்கும். சின்னத் தொகை என்றால் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வைத்துவிடலாம். அம்மாவை இணைக் கடன்தாரராகப் போட முடியுமா என்றும் கேளுங்கள்.

அதற்குப் பிறகும் இழுத்தடித்தால் நாகர்கோவிலில் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனுக்கு இணையத்திலேயே புகார் போடலாம், கட்டணம் கிடையாது. ஹாஸ்டல் கிடைக்காமல் வெளியே தங்கினாலும் நியாயமான தங்கும் செலவைக் கடனில் சேர்க்கக் கேட்கலாம், நிறையப் பேர் ஃபீஸ் மட்டும்தான் சேரும் என்று நினைத்துக் குறைத்துக் கேட்டுவிடுகிறார்கள்.

இதெல்லாம் கடன் வாங்கும் வழி. வாங்கலாமா என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. மாதம் 12,000 என்றால் பத்து மாதத்துக்கு 1,20,000, மூன்று வருடத்துக்கு 3,60,000, அதுவும் பி.ஏ. படிப்பில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும். உங்கள் அப்பாவுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான், தடைக்காலத்தில் அதுவும் கிடையாது. ஹாஸ்டல் கிடைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேருங்கள் என்று சொல்லியிருப்பேன். கிடைக்காத நிலையில், அதே க்யூட் மதிப்பெண்ணுக்குத் திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ ஹாஸ்டலோடு உங்கள் பாடம் கிடைக்கிறதா என்று உடனே பாருங்கள். எம்.ஏ.வுக்கு டெல்லி போகலாம், அப்போது வயதும் கூடியிருக்கும், பகுதிநேரமாக நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செலவைச் சமாளிக்கும் தெம்பும் வந்திருக்கும். டெல்லிதான் என்று மனசு உறுதியாக இருந்தால், இரண்டாம் சுற்று ஹாஸ்டல் பட்டியல் வரும்வரை கல்லூரி அலுவலகத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள், ரூமை மூன்று பேரோடு பகிர்ந்து எடுங்கள், பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: நாங்கள் இருப்பது தமிழ்நாட்டில், நான் பிறந்து வளர்ந்தது நெய்யாற்றின்கரையில். மகளுக்குத் திருவனந்தபுரம் அரசு இன்ஜினீயரிங் கல்லூரியில் படிக்க ஆசை. பஸ்ஸில் ஏறினால் பக்கம்தானே, ஆனால் வேறு மாநிலம் என்பதால் ஃபீஸ் அதிகமாகுமா, இடமே கிடைக்காதா?
ஒரு தாய், களியக்காவிளை

பதில்: 1956 நவம்பர் 1ம் தேதி கோடு போட்டதிலிருந்து எல்லையோரக் குடும்பங்களுக்கு இருக்கும் கேள்விதான் இது, உங்களுக்கு நல்ல பதிலே இருக்கிறது. கேரள இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு விதிகளில், மாணவரோ அவருடைய அப்பாவோ அம்மாவோ கேரளத்தில் பிறந்திருந்தால் அவர் கேரளர் என்ற கணக்கில் வருவார். நீங்கள் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர், ஆகவே மகள் வெளிமாநிலத்தவர் பட்டியலில் போக வேண்டியதில்லை. அதற்கு உங்கள் பிறந்த இடம் தெளிவாக இருக்கும் ஆவணம் வேண்டும், பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ எதுவாக இருந்தாலும், அதில் இருக்கும் உங்கள் பெயரும் மகளுடைய சான்றிதழில் தாய் என்று இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும், மலையாளத்தில் ஒரு மாதிரி தமிழில் ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள், இதை இப்போதே சரி செய்யுங்கள். இந்த வருட விதிப்புத்தகத்தில் எந்தெந்த ஆவணத்தை ஏற்கிறார்கள் என்று வரி விடாமல் பாருங்கள்.

கேரளர் என்று ஆகிவிட்டால் சாதி ஒதுக்கீடும் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே உள்ள பட்டியல் வேறு, சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி வேறு. பொது இடத்தில் வரும் அளவுக்கு மகளின் ரேங்க் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செலவைப் பார்த்தால், அந்தக் கல்லூரி இருப்பது ஸ்ரீகாரியம் பக்கம், திருவனந்தபுரம் ஸ்டேஷனில் இறங்கி மறுபடி பஸ் ஏற வேண்டும். பாறசாலையிலிருந்து ரயிலில் போய் வரலாம், பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்கு ரயில் சீசன் டிக்கெட் இலவசம், கல்லூரியில் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும். தினமும் போய் வருகிற அலுப்பில் முதல் வருடக் கணக்குப் பாடம் அடிபடும் என்பதையும் யோசியுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். நாகர்கோவில் கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அங்கே இடம் கிடைத்தால் முதல் பட்டதாரி சலுகையும் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் அது கிடையாது. இரண்டு கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்துவிட்டு, கிடைத்த பிரிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பிரிவு கிடைத்தால் திருவனந்தபுரம் கல்லூரி 1939ல் தொடங்கியது, பழைய மாணவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: எங்களுக்குப் பூந்தோட்டம் கொஞ்சம் உண்டு. மகளுக்கு பி.எஸ்சி. விவசாயம் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு இடம் கிடைக்காமல் போனால் தனியாரில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வெளிமாநிலத்தில் அரசு இடம் வாங்க வழி உண்டா?
ஒரு தந்தை, தோவாளை

பதில்: உண்டு. நாடு முழுவதும் உள்ள மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் ஒரு பங்கு இடங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம், அதாவது ஐசிஏஆர், அகில இந்திய அளவில் நிரப்புகிறது. இப்போது அதற்கும் க்யூட் மதிப்பெண்தான். இந்த வழியாகச் சொந்த மாநிலத்துக்கு வெளியே போய்ப் படிக்கிறவர்களுக்கு என்றே தேசியத் திறன் உதவித்தொகை என்று ஒன்றை ஐசிஏஆர் தருகிறது, மாதக் கணக்கில் வரும், மதிப்பெண் சராசரி குறையாமல் பார்த்துக்கொண்டால் படிப்பு முடியும்வரை தொடரும். வெளிமாநிலம் போனதற்காகவே உதவித்தொகை கொடுக்கும் திட்டம் அபூர்வம், விட்டுவிடாதீர்கள். கவுன்சிலிங்கில் ஊர்ப் பட்டியல் கொடுக்கும்போது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தை மேலே போடுங்கள், அதன் கல்லூரி ஒன்று திருவனந்தபுரத்துக்குப் பக்கம் வெள்ளாயணியிலேயே இருக்கிறது, மண்ணும் மழையும் பயிரும் நம் ஊர் மாதிரிதான். ஆனால் பிளஸ் டூவில் எடுத்த பாடங்களும் க்யூட்டில் எழுதிய பாடங்களும் பொருந்த வேண்டும், பொருந்தவில்லை என்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பயன் இல்லை.

கேள்வி: மகன் டெல்லியில் எம்.ஏ. சேருகிறான், தங்கை மகள் ஹைதராபாத்தில் படிக்கிறாள். ரெண்டு பேரும் பண்டிகைக்கும் லீவுக்கும் வந்து போகிற செலவே பெரிதாக இருக்கிறது. கடைசி நேரத்தில் தட்கலில் எடுத்து எடுத்துக் கை கடிக்கிறது.
ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ரயில்வேயில் மாணவர்களுக்கான சலுகை இன்னும் இருக்கிறது. சொந்த ஊருக்கு வந்து போக ஸ்லீப்பரிலும் இரண்டாம் வகுப்பிலும் பொதுப்பிரிவு மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. பொதுப்பிரிவில் 25 வயது, எஸ்.சி., எஸ்.டி.யில் 27 வயது வரை. கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவத்தை முத்திரையோடு வாங்கி, ஸ்டேஷன் கவுன்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். செல்போனில் எடுத்தால் இந்தச் சலுகை வராது, பிள்ளைகள் எல்லாம் செல்போனில் எடுப்பதால்தான் இப்படி ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது.

மகனுக்குக் கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, கட்ரா போகும் ஹிம்சாகரும் டெல்லி வழியாகத்தான் போகிறது. இரண்டும் தினசரி வண்டி கிடையாது, அதனால் கிழமை பார்த்து லீவை அமைத்துக்கொள்ள வேண்டும். தங்கை மகளுக்கு நாகர்கோவிலிலிருந்தே ஹைதராபாத்தில் இருக்கும் காச்சிகுடாவுக்கு வாரம் ஒரு வண்டி உண்டு, அது தோதுப்படாத வாரத்தில் திருவனந்தபுரம் போய் சபரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் செகந்திராபாத்தில் இறங்கலாம், அது தினமும் ஓடுகிறது. கிறிஸ்துமஸ், பொங்கல் டிக்கெட்டை முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள், அதற்கான சலுகைப் படிவத்தைக் கல்லூரியில் அதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்டு வைத்துவிட வேண்டும்.